பாடநூலில் இல்லாத நோயாளிகள்



நரம்பியலின் வரலாறு என்றால் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையிலும் லண்டனின் குவீன் ஸ்குவேரிலும் தொடங்குவதே வழக்கம். ஷார்கோ, ஹூலிங்ஸ் ஜாக்சன், பாபின்ஸ்கி ஆகியோரை நானும் வணங்குகிறேன். உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே எழுகிறதா கீழே மடிகிறதா என்று 1896-ல் பாபின்ஸ்கி பார்க்கச் சொன்னார். அதை இன்று காலையும் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். ஆனால் உங்கள் முன் சொல்ல நான் எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. அந்தப் பாடநூல்கள் கப்பலேறி இங்கே வந்தபோது, இங்கிருந்த நோயாளிகளில் சிலர் அவற்றுக்குள் அடங்கவில்லை. அப்படிப்பட்ட நேரங்களில் நூலைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு நோயாளியின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்ட மருத்துவர்கள் சிலர் இருந்தார்கள். வேலூரிலும் சென்னையிலும் இலங்கை மலையகத்திலும் நடந்த கதைகள் அவை.

காலத்தைக் குறிக்க உங்கள் இராஜபாளையத்துக்காரர் ஒருவரிடமிருந்தே தொடங்கலாம். பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனிதர். அவர் பதவியிலிருந்த அந்த மூன்றே ஆண்டுகளுக்குள்தான் நம் நாட்டின் நரம்பியல் பிறந்தது. 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியலுக்கும் நரம்பு அறுவைக்கும் தனித் துறை தொடங்கினார். கோட்டயத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கனடாவின் மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர் அவர். சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. இராமமூர்த்தி 1950-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி முடித்துத் திரும்பி, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மூளை அறுவையைத் தொடங்கினார். 1951-ல் இவர்கள் இருவரும் டாக்டர் பல்தேவ் சிங்கும் டாக்டர் எஸ்.டி. நரசிம்மனும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை அமைத்தார்கள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு நால்வர்.

அவர்கள் கையில் என்ன இருந்தது என்பதை இந்தத் தலைமுறை மாணவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சுத்தியல், ஒரு ஊசி, கொஞ்சம் பஞ்சு, ஒரு இசைக்கவை, கண்ணுக்குள் பார்க்கும் ஒரு சிறு கருவி. மண்டை ஓட்டுக்குள் இருக்கும் கட்டியை எக்ஸ்ரே காட்டாது. எனவே நோயாளியின் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்துவார்கள். காற்று மேலேறி மூளையின் அறைகளை நிரப்பும். அதன் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த அறைகள் கறுப்பாகத் தெரியும். ஒரு அறை நசுங்கியிருந்தால், பக்கத்தில் கட்டி இருக்கிறது என்று பொருள். பால்டிமோரில் வால்டர் டேண்டி 1918-லும் 1919-லும் வகுத்த முறை இது. அந்தப் பரிசோதனை தந்த தலைவலியும் வாந்தியும் நோயாளிகளைப் பல நாள் படுக்கையில் போட்டுவிடும். அதனால், இந்த மனிதருக்கு இதைச் செய்யத்தான் வேண்டுமா என்று முடிவெடுக்கும் முன் மருத்துவர் அவரோடு நெடுநேரம் உட்கார வேண்டியிருந்தது. தலைவலி காலையிலா மாலையிலா? எழுத்து எப்போது மாறியது? செருப்பு எந்தக் காலிலிருந்து நழுவுகிறது? கட்டி இருக்கும் இடத்தை இப்படிக் கேட்டுக் கேட்டே நெருங்கினார்கள். மண்டையைத் திறந்த பிறகு, அவர்கள் சொன்ன இடத்தில் கட்டி இருந்தது என்பதுதான் அந்தத் தலைமுறையின் பெருமை.

மண்டையைத் திறந்ததும் முதல் வேறுபாடு தெரிந்தது. ஐரோப்பிய நூல்களில் காசநோய்க் கட்டி மூளையில் அரிதாக வருவது. இங்கே அது மூளைக் கட்டிகளில் பெரும் பங்கு வகித்தது. இராமமூர்த்தியின் சென்னைத் துறையில்தான் பின்னாளில் டாக்டர் டி.எஸ். கனகா 1968-ல் நரம்பு அறுவையில் எம்.சிஎச். பட்டம் பெற்று, ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களில் ஒருவரானார். அவரைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவே தேவை. இன்று பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுக் கடக்கிறேன்.

நான் விரித்துச் சொல்ல விரும்புவது 1970-ல் வெளியான ஒரு கட்டுரையை. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், இராமமூர்த்தி ஆகிய மூவர் இந்திய நரம்பியல் கழகத்தின் இதழில் எழுதியது. மோட்டார் நியூரான் நோய் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடியும். கை மெலியும், கால் மெலியும், பேச்சு குழறும், விழுங்க முடியாமல் போகும், கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். ஷார்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை விவரித்துவிட்டார். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் உயிரைக் கொண்டுபோவது என்பதே நூல் வாக்கு. ஹாக்கிங் நெடுங்காலம் வாழ்ந்ததை அரிய விதிவிலக்காகவே எல்லோரும் பேசினார்கள்.

சென்னைப் பொது மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் வேறு மாதிரி இருந்தார்கள். பதினைந்து, பதினெட்டு, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். ஒல்லியான பிள்ளைகள். கை கால் மெலிந்திருந்தது, முகத் தசையும் நாக்கும் தளர்ந்திருந்தன. அதோடு பலருக்குக் காது கேட்கவில்லை. மோட்டார் நியூரான் நோயில் காது கெடாது என்பது எந்த மாணவனும் தேர்வில் எழுதும் விடை. ஆகவே காது மந்தம் வேறு காரணத்தால் வந்திருக்கும், சின்ன வயதில் சீழ் வடிந்திருக்கும் என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அந்த மூவரும் அப்படித் தள்ளவில்லை. ஒரே தோற்றம் திரும்பத் திரும்ப வருகிறது, இவர்கள் எல்லோரும் தென்னிந்தியர்கள், நோய் மெல்ல நடக்கிறது என்பதைக் கவனித்து எழுதிவைத்தார்கள். உலக நரம்பியல் நூல்களில் இன்று 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்ற பெயரில் அது நிற்கிறது. பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 36 ஆண்டுகளில் பார்த்த 116 நோயாளிகளைத் தொகுத்து டாக்டர் நளினி எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலும் இந்நோயோடு வாழ்பவர்கள் உண்டு என்பது உறுதிப்பட்டது.

இதில் என்ன இருக்கிறது, ஒரு நோய்க்குப் பெயர் வைத்ததுதானே என்று தோன்றலாம். பதினேழு வயதுப் பையனின் தகப்பனார் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷார்கோவின் நூலை மட்டும் படித்த மருத்துவர் அவரிடம், "மூன்று வருஷம் இருப்பான், படிக்கவைத்துச் செலவழிக்க வேண்டாம்" என்பார். சென்னைக் கட்டுரையைப் படித்தவர், "மெதுவாகத்தான் போகும். காதுக்குக் கருவி வாங்குங்கள், படிப்பை நிறுத்தாதீர்கள், உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் தயார் பண்ணுங்கள்" என்பார். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. இந்நோய்க்கு இன்னும் மருந்து இல்லை. ஆனால் மருந்து இல்லாத நோயில்தான், இனி எப்படிப் போகும் என்று சரியாகச் சொல்வது மருத்துவரின் முதல் கடமையாகிறது.

இன்னொரு கதை வேலூரிலிருந்து. பால் பிராண்ட் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துக்கொண்டு சுற்றிக் காட்டியபோது, விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்திருந்த ஒரு நோயாளியின் கையில் பிராண்ட் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பலவீனமான பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்கவில்லை. அவ்வளவு பலம். அப்படியானால் முன்கைத் தசைகள் உயிரோடு இருக்கின்றன, செத்துப்போனவை உள்ளங்கைச் சிறு தசைகள் மட்டும்தான், உயிரோடிருக்கும் தசையின் நாணை எடுத்து விரலில் மாட்டினால் விரல் நிமிருமே என்று அந்தக் கணத்தில் தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். தொழுநோயாளிகளுக்கான கை மறுசீரமைப்பு அறுவை அப்படித்தான் பிறந்தது.

அதைவிடப் பெரிய உண்மை ஒன்றும் வெளிவந்தது. தொழுநோய் சதையைத் தின்கிறது, விரல் அழுகி விழுகிறது என்று உலகமே நம்பியிருந்தது. பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளை அன்றாட வேலையில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கிருமி நரம்பைத்தான் கெடுக்கிறது. அதிலும் முழங்கை, கணுக்கால் போன்ற, தோலுக்கு அருகில் குளிர்ச்சியாக இருக்கும் இடங்களில் ஓடும் நரம்புகளை. நரம்பு செத்தால் வலி தெரியாது. வலி தெரியாதவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார், ஆணி ஏறிய காலோடு அரை நாள் நடப்பார். காயம் மேல் காயம்பட்டு விரல் குறைந்துபோகிறது. ஆகவே அறுவைக்கு இணையாக, மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பும், காயத்தைக் கட்டிவைக்கும் துணியும், பாத்திரம் பிடிக்கும் முறையும் மருத்துவமாயின. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சத்திரப்பட்டியில் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணிக்கும் அந்த வரலாற்றில் உரிய இடம் உண்டு. இன்று நம் ஊர்களில் தொழுநோய் குறைந்துவிட்டது. ஆனால் அதே வலியற்ற காலோடு சர்க்கரை நோயாளிகள் ஆயிரக்கணக்கில் நடக்கிறார்கள். வேலூரும் அதனருகே உள்ள கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையும் தொழுநோயாளிகளிடம் கற்ற பாடமே இன்று அவர்களுடைய காலைக் காப்பாற்றுகிறது.

அடுத்தது, ஒரு கருவி வந்தபின் நேர்ந்த குழப்பம். 1971-ல் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. 1980-களில் அது நம் நகரங்களில் பரவியது. வலிப்பு வந்தவர்களை ஸ்கேன் எடுத்தால், பலருக்கு மூளையின் மேற்பரப்பில் மோதிரம் போல ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. நம் நாட்டில் மூளையில் சிறு கட்டி என்றால் காசநோய்தானே? மருந்து எழுதினார்கள், ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று. சில மாதங்களில் மறுபடியும் ஸ்கேன் எடுத்தால் புள்ளி மறைந்திருக்கும். மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். முன் தலைமுறை கண்டுபிடித்த உண்மையே இந்தத் தலைமுறையின் கண்ணை மறைத்தது.

வேலூரில் டாக்டர் மேத்யூ சாண்டியும் டாக்டர் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களுடைய குழுவினரும் இதை ஐயுற்றார்கள். காசநோய் மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் அந்தப் புள்ளி மறைகிறதே? காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, ஆள் திடமாக இருக்கிறாரே? அவர்கள் சிலருக்கு அந்தப் புள்ளியை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே இருந்தது நாடாப்புழுவின் லார்வா. 1989-லும் 1991-லும் அந்த முடிவுகள் வெளியாயின. அதன்பின், எந்த அளவு, எந்த வடிவம் என்றால் அறுவையும் வேண்டாம், காசநோய் மருந்தும் வேண்டாம், வலிப்பு மருந்தோடு பொறுத்திருந்து பார்க்கலாம் என்று தெளிவான வரையறையும் தந்தார்கள். இதனால் எத்தனை இளைஞர்கள் தேவையில்லாத மருந்திலிருந்தும், 'டி.பி. வந்தவன்' என்ற பேச்சிலிருந்தும் தப்பினார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

"நாங்கள் சைவம், எங்களுக்கு எப்படிப் பன்றிப் புழு வரும்?" என்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாய்மார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. சரியாக வேகாத பன்றி இறைச்சி சாப்பிட்டவரின் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழுவல்ல. அதன் முட்டைகள் அவருடைய மலத்தோடு வெளியேறி, மண்ணிலும் தண்ணீரிலும் கழுவாத கையிலும் கீரையிலும் ஒட்டி இன்னொருவர் வயிற்றுக்குள் போகின்றன. அங்கிருந்து இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்த் தங்குவது அந்த முட்டையிலிருந்து வந்த லார்வா. அது உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் சத்தம் காட்டாது. சாகும்போது சுற்றிலும் வீக்கம் எழுகிறது, அப்போதுதான் வலிப்பு வருகிறது. வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று செய்த ஆய்வில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ நான்கு பேர் வலிப்பு நோயோடு இருந்தார்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழு என்று தெரிந்தது. ஆக, கழிப்பறை கட்டுகிற பஞ்சாயத்துத் தலைவரும் சமைப்பதற்கு முன் கை கழுவுகிற சத்துணவுக் கூடப் பணியாளரும் நரம்பியல் பணிதான் செய்கிறார்கள்.

இலங்கை மலையகக் கதை நம் வீட்டுக்குள் நடப்பது போன்றது. 1977, 1978-ல் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட இளம் பெண்களுக்கு அடுத்தடுத்துக் கால் விளங்காமல் போனது. முதலில் கெண்டைக்காலில் வலி, பிறகு பாதம் தொங்கும், பிறகு கைவிரல்களும் தளரும். எல்லோரும் தமிழ்ப் பெண்கள், எல்லோரும் அப்போதுதான் பூப்பெய்தியவர்கள். அந்தக் குடும்பங்களின் பாட்டன் பூட்டன்மார் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து போனவர்கள். சடங்கான பெண்ணுக்கு இடுப்பு பலம் பெற நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கும் வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனவர்கள். இராஜபாளையத்திலும் இன்று அந்த வழக்கம் இருக்கிறது. இந்த நோய் வேறு யாருக்கும் வராமல் இந்தப் பெண்களுக்கு மட்டும் ஏன் வருகிறது என்ற கேள்வியின் விடை அந்த எண்ணெயில் இருந்தது. அதில் ட்ரைகிரெசில் பாஸ்பேட் என்ற நச்சு கலந்திருந்தது. இயந்திர எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் நேர்ந்த கலப்படம் என்று கருதினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் நிமல் சேனாநாயக்கவும் டாக்டர் ஜெயரத்தினமும் 1981-ல் இதை உலகுக்கு எழுதினார்கள்.

அதே நச்சு 1930-ல் அமெரிக்காவில் இஞ்சிச் சாராயத்தில் கலந்து பல்லாயிரம் ஏழைத் தொழிலாளர்களின் காலை முடக்கியது. 1959-ல் மொராக்கோவில் விமான எஞ்சின் எண்ணெயைச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றதால் பத்தாயிரம் பேரை முடக்கியது. நூல்களில் இவை இருந்தன. ஆனால் அமெரிக்கக் குடிகாரருக்கும் மலையகத் தமிழ்ச் சிறுமிக்கும் ஒரே நோய் என்று எந்த நூலும் இணைத்துக் காட்டியிருக்காது. அந்த இணைப்பைக் காண, அந்தப் பெண்ணின் வீட்டில் சடங்குக்கு என்ன கொடுத்தார்கள் என்று மதித்துக் கேட்கும் ஒருவர் வேண்டியிருந்தது. வழக்கத்தையே குற்றம் சொல்லி, மூடநம்பிக்கை என்று அதட்டியிருந்தால் தாய்மார்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள். நல்லெண்ணெயில் குற்றமில்லை, கலனில்தான் குற்றம்.

சேனாநாயக்கவே 1987-ல் டாக்டர் கரல்லியத்தவோடு சேர்ந்து இன்னொன்றையும் எழுதினார். பருத்திக் காட்டுக்கு மருந்தடிக்கும் நம் ஊர்களுக்கு அது மிகவும் வேண்டியது. பூச்சிமருந்து குடித்தவர் முதல் நாள் ஆபத்தைத் தாண்டிவிடுவார். கண் திறந்து பேசுவார், உறவினர்கள் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். ஆனால் சிலருக்கு ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் திடீரென மூச்சு நிற்கும். அதற்கு முன் அறிகுறி ஒன்று உண்டு: தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் முடியாது. கழுத்துத் தசை முதலில் தளர்கிறது. எந்தக் கருவியும் தேவையில்லை. வார்டில் இருக்கும் செவிலியர் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் "தலையைத் தூக்குங்க தம்பி" என்று சொல்லிப் பார்த்தால் ஓர் உயிர் தப்பும்.

இனி காக்காய் வலிப்பு. இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாவியைக் கொடுத்ததும் வலிப்பு நிற்பதையும் பார்த்திருக்கிறோம். பொதுவாக வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிடங்களில் தானாகவே அடங்கும். யாரோ ஓடிப்போய்ச் சாவி தேடி எடுத்து வருவதற்கும் அது அடங்குவதற்கும் நேரம் பொருந்திவிடுகிறது. சாவியால் தீமை இல்லை, ஆனால் சாவி தேடும் நேரத்தில் அவரை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தால் எச்சில் மூச்சுக்குழாயில் போகாது. வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

இந்நோய்க்கு நல்ல மருந்து வந்தது 1912-ல். ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர், தூங்குவதற்காக நோயாளிகளுக்குக் கொடுத்த பினோபார்பிட்டால் வலிப்பையும் குறைப்பதைக் கவனித்தார். அரசு மருத்துவமனைகளில் இன்றும் கொடுக்கப்படுகிற, மிக மலிவான மாத்திரை அது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பே வராமல் வைத்திருக்க முடியும். அப்படியிருந்தும் நம் சட்டம் அவர்களை எப்படி நடத்தியது தெரியுமா? 1976-ல் திருத்திய இந்துத் திருமணச் சட்டப்படி, அடிக்கடி வலிப்பு வருகிறவர் மணமுடிக்கத் தகுதியற்றவர், மனநோயோடு ஒரே வரியில் வைக்கப்பட்டிருந்தார். 1999-ல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். அதற்காகப் பல்லாண்டுகள் போராடியவர்களில் பெங்களூரு டாக்டர் கே.எஸ். மணியும் இந்திய வலிப்பு நோய்ச் சங்கத்தாரும் முன்னிற்பவர்கள்.

அதே டாக்டர் மணியும் குழுவினரும்தான் 1968-ல் வெந்நீர் வலிப்பை விவரித்தார்கள். தலையில் சுடச்சுட வெந்நீர் ஊற்றும்போது மட்டும் வரும் வலிப்பு. மேலை நாட்டில் மிக மிக அரிது. தென்னிந்தியாவில், சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக் குளிக்கும் வழக்கமுள்ள நமக்குள் அது அவ்வளவு அரிதல்ல. மருத்துவர் "எப்போது வந்தது?" என்று கேட்டால் "காலையில்" என்று பதில் வரும். "என்ன செய்துகொண்டிருந்தபோது?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டால்தான் "தலைக்குக் குளிக்கும்போது" என்று வரும். தண்ணீரின் சூட்டைக் குறைத்து, முதலில் உடம்புக்கு ஊற்றிக் கடைசியில் தலைக்கு ஊற்றினாலே பலருக்கு நின்றுவிடும்.

இதே வகையில், இந்த ஊர் மருத்துவர்களிடம் எனக்கொரு கோரிக்கை உண்டு. இங்கே நூற்பாலைகள் மூன்று ஷிப்டு ஓடுகின்றன. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பது உறுதியான உண்மை. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்று ஒரு மில் தொழிலாளி, அதிலும் இளம்பெண், வந்து நின்றால், மாத்திரையின் அளவைக் கூட்டும் முன் "எந்த ஷிப்டு பார்க்கிறாய் அம்மா?" என்று கேளுங்கள். பதிலைச் சீட்டில் எழுதுங்கள். வலிப்பு இருப்பவரை இரவு ஷிப்டிலிருந்து மாற்றி, வேலையைப் பறிக்காமல் பகலில் வைக்கும்படி ஒரு கடிதமும் எழுதிக் கொடுங்கள். பத்தாண்டுகள் இப்படி எழுதிவைத்தால், உலகின் எந்த நூலும் சொல்லாத ஒன்றை இராஜபாளையம் சொல்லக்கூடும். மோட்டார் நியூரான் நோயில் அந்த மூவர் சென்னையில் செய்ததும் இதுதான்.

கடைசியாகப் பக்கவாதம். எங்கள் இளமையில் பக்கவாதம் வந்தவரை வீட்டுத் திண்ணையில் படுக்கவைத்து எண்ணெய் தேய்ப்பதைத் தவிரப் பெரிதாகச் செய்ய எதுவும் இல்லை. மருத்துவமனையிலும் நிலை அதுதான். 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வு அதை மாற்றியது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலர் எழுந்து நடந்தார்கள். 2008-ல் அந்த நேரம் நாலரை மணியாக நீண்டது. அதன்பின் குழாய் செலுத்திக் கட்டியையே வெளியே இழுத்தெடுக்கும் முறையும் வந்துவிட்டது. அதே 2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு முன் நீங்கள் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ஏறத்தாழ 85 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. மூளைக்கு இரத்தம் நின்றால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 85 கிலோமீட்டர் என்பதை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

ஊசி போடலாமா கூடாதா என்று முடிவெடுக்க இரண்டு தகவல் வேண்டும். மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்பதை ஸ்கேன் சொல்லிவிடும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை அது நம்பகமாகச் சொல்லாது. இரவு பத்து மணிக்குப் படுத்தவர் காலை ஐந்து மணிக்கு ஒரு கை விளங்காமல் எழுகிறார் என்றால், எங்கள் கணக்கு பத்து மணியிலிருந்து தொடங்கும், ஏழு மணி நேரம் போய்விட்டது என்று பொருள், வழக்கமான கணக்கில் ஊசிக்கு இடமில்லை. ஆனால் அவர் மூன்று மணிக்கு எழுந்து பேத்தியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தெளிவாக இரண்டு வார்த்தை பேசினார் என்றால், கணக்கு மூன்றிலிருந்து தொடங்கும். ஆறு மணிக்கு வந்து சேர்ந்தால் இன்னும் ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது. அந்தப் பேத்தி வீட்டிலேயே விடப்பட்டு, ஊரில் செல்வாக்குள்ள மாமாவும் பெரியப்பாவும் மட்டும் வண்டியில் ஏறி வருவதை நான் பல முறை கண்டிருக்கிறேன். அவர்களுக்கு எதுவும் தெரியாது. தொலைபேசியில் விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஆகவே முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், 108-ஐ அழையுங்கள். வாய் வழியாகத் தண்ணீரோ காபியோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். ஸ்கேன் வசதியும் ஊசி போடும் வசதியும் உள்ள மருத்துவமனைக்கே நேரே போங்கள், நடுவில் வேறெங்கும் இறங்காதீர்கள். அவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்தவர் யாரோ, அது எட்டு வயதுக் குழந்தையாக இருந்தாலும், வண்டியில் கூடவே ஏற்றி வாருங்கள். நாங்கள் முதலில் பேச விரும்புவது அவரிடம்தான்.